புனைபெயரில் கையெழுத்துப் போடலாமா? எங்கே செல்லும், எங்கே செல்லாது

எழுதுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பதிப்பகத்துக்குப் புனைபெயரிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அது செல்லுமா மேடம்?"

பெரும்பாலும் செல்லும். ஆனால் செல்லும் என்பது ஒன்று, நாளைக்கு அதை வைத்து உங்கள் பணத்தையும் உரிமையையும் கேட்டு வாங்க முடியும் என்பது வேறொன்று. இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும்.

நான் பாளையங்கோட்டையில் சிவில் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். சிறுபத்திரிகைகளில் வேறொரு பெயரில் கதைகளும் எழுதுகிறேன். அதனால் ஊர்ப்பக்கத்து எழுத்தாளர்கள் ஒப்பந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். அப்படி வந்தவர்களுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே ஒரு சேரச் சொல்கிறேன். இந்தியச் சட்டத்தை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் அடிப்படை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 10ஆம் பிரிவில் என்ன கேட்கிறது? ஒப்பந்தம் செய்கிறவர் வயது வந்தவராக இருக்க வேண்டும், சுயநினைவோடு இருக்க வேண்டும், மனமொத்துச் சம்மதித்திருக்க வேண்டும், கொடுக்கல் வாங்கலும் நோக்கமும் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். ஆதார் அட்டையில் உள்ள பெயரில்தான் கையெழுத்து இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டமோ, எழுதத் தெரியாதவர் வைக்கும் குறியையும் கையெழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது. நம் பாட்டிமார் வைத்த கைநாட்டில் பெயரே கிடையாது, ஆனாலும் அது செல்லும். ஆக, கையெழுத்தில் சட்டம் தேடுவது பெயரை அல்ல. இதைப் போட்டது இன்ன ஆள், இதற்குக் கட்டுப்படுகிறேன் என்ற எண்ணத்தோடு போட்டார் என்பதைத்தான்.

அதனால் எந்தக் காகிதத்திலும் புனைபெயரைப் போடுவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது நான் போட்டதுதான் என்று பத்து வருடம் கழித்து, நானே இல்லாத காலத்தில்கூட, நிரூபிக்க வழி இருக்கிறதா? இந்தப் பெயரைப் போடுவதால் எதிராளி என்னை வேறு யாரோ என்று நம்பி ஏமாறுகிறாரா?

இரண்டாவது கேள்விக்கு "ஆம்" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, பழைய தண்டனைச் சட்டத்தைப் போலவே, இல்லாத ஓர் ஆளின் பெயரில் ஆவணம் தயாரித்து அதை உண்மையான ஓர் ஆள் எழுதியதாகப் பிறரை நம்பவைக்க நினைத்தால் அது பொய்யாவணம் ஆகலாம் என்கிறது. ஆள்மாறாட்ட மோசடியைச் சொல்லும் 319ஆம் பிரிவு இன்னும் தெளிவாகவே சொல்கிறது: நீங்கள் நடித்த ஆள் நிஜமானவரா கற்பனையா என்பது பொருட்டல்ல. தண்டனை 5 ஆண்டு வரை போகலாம். வாடகை ஒப்பந்தத்தில் பழைய கடன்காரர் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று வேறு பெயர் போடுவது இந்த வகை. கதைத்தொகுப்பு ஒப்பந்தத்தில், எல்லோரும் அறிந்த உங்கள் புனைபெயரைப் போடுவது இந்த வகை அல்ல. அங்கே யாரும் ஏமாறவில்லை. பதிப்பாளர் அந்தப் பெயருக்காகத்தான் உங்களிடம் வந்தார்.

தமிழில் இது புதிதும் அல்ல. ரா. கிருஷ்ணமூர்த்தி கல்கி ஆனார், சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனார், எஸ். ரங்கராஜன் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். அம்பை கதைகளுக்கு அந்தப் பெயரையும், ஆய்வுகளுக்கு சி.எஸ். லக்ஷ்மி என்ற இயற்பெயரையும் வைத்துக்கொண்டார். இரண்டு பெயரும் ஒரே ஆள் என்பது ஊரறிந்ததாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. ஊரறியாத எழுத்தாளருக்குத்தான் காகிதம் தேவைப்படுகிறது. பெண்களுக்கு இன்னும் கூடுதலாக. வீட்டுக்குத் தெரியாமல், அலுவலகத்துக்குத் தெரியாமல் எழுதுகிறவர்கள் நம்மில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒப்பந்தத்தில் பெயரை எப்படி எழுதுவது

பதிப்பக ஒப்பந்தத்தின் முதல் பத்தியில் இயற்பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, முகவரி எல்லாம் வர வேண்டும். அதோடு சேர்த்துப் புனைபெயரைக் கட்டிவிட வேண்டும். நான் எழுதிக்கொடுக்கும் வாசகம் இது:

"……… தெரு, ……… ஊரில் வசிக்கும், திரு. ……… அவர்களின் மகள், சுமார் ……… வயதுள்ள திருமதி. ……… (எ) ‘………’ (மேற்படி புனைபெயரில் எழுதி வருபவர், இதில் இனி ‘ஆசிரியர்’ என்று குறிப்பிடப்படுவார். மேற்படி இரண்டு பெயர்களும் இவர் ஒருவரையே குறிக்கும். இவ்வொப்பந்தத்தில் ஆசிரியர் எந்தப் பெயரில் கையொப்பமிட்டாலும் அது அவரையும் அவருடைய வாரிசுகளையும் கட்டுப்படுத்தும்.)"

இந்த "(எ)" நம் ஊர்ப் பத்திரங்களில் பழகிய குறிதான். பட்டாவிலும் கிரயப் பத்திரத்திலும் "சுப்பையா (எ) சுப்பிரமணியன்" என்று பார்த்திருப்பீர்கள். அதையே பயன்படுத்துங்கள், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். கடைசிப் பக்கத்தில் இயற்பெயரில் ஒரு கையெழுத்து, அதன் கீழே புனைபெயரில் ஒன்று. மற்ற பக்கங்களில் ஏதாவது ஒன்று போதும். இரண்டு சாட்சிகள் போடட்டும். சட்டம் இந்த ஒப்பந்தத்துக்குச் சாட்சி கேட்கவில்லை. ஆனால் இந்த அம்மாள்தான் இந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டார் என்று நேரில் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அதற்காக.

இப்போது சில பதிப்பகங்கள் ஆதார் வழி மின்கையொப்பம் கேட்கின்றன. அதில் ஆதாரில் உள்ள பெயர்தான் விழும், புனைபெயர் விழாது. மேலே சொன்ன வாசகம் ஒப்பந்தத்துக்குள் இருந்தால் அதனால் ஒரு குறையும் இல்லை.

புனைபெயர் மட்டும் போட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்வேன். பள்ளி ஆசிரியராக இருந்து காலமான ஒருவரின் மகள் வந்தார். கையில் அப்பாவின் ஒப்பந்தம், 1998இல் எழுதியது, ஒரே தாள். கீழே பச்சை மசியில் புனைபெயர் மட்டும். முகவரி இல்லை, இயற்பெயர் இல்லை. புத்தகம் மறுபதிப்பு மேல் மறுபதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. ராயல்டி கேட்டால், "இந்தப் பெயர் உங்கள் அப்பாதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று பதிப்பகத்தில் கேட்டார்களாம். வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் இருப்பது இயற்பெயர். தாளில் இருப்பது புனைபெயர். நடுவில் பாலம் இல்லை.

வீட்டில் இருக்கும் காகிதத்தையெல்லாம் கொண்டுவரச் சொன்னேன். ஒரு தகரப் பெட்டியில் இருந்தது வந்தது. அதில் மணியார்டர் கூப்பன்கள். பெறுநர் இடத்தில் அப்பாவின் இயற்பெயர், செய்தி எழுதும் இடத்தில் பதிப்பகத்தார் கைப்பட "இன்ன புத்தகத்துக்கு இந்த வருட ராயல்டி" என்ற குறிப்பு. அந்தப் பாலத்தைப் பதிப்பகமே கட்டிக்கொடுத்திருந்தது. கூடவே இன்னொன்றும் கண்ணில் பட்டது: எத்தனை வருடத்துக்கு உரிமை என்று ஒப்பந்தத்தில் எழுதவே இல்லை. பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் 5 ஆண்டுக்குத்தான். அப்படியென்றால் அவர்கள் உரிமையே இல்லாமல் அச்சடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இரண்டையும் எழுதி நோட்டீஸ் அனுப்பினேன். வழக்குக்குப் போகாமலே கணக்கு வந்தது.

கூப்பன்களைக் கரையான் அரித்திருந்தால்? அப்போதும் வழி உண்டு. அவர் கையெழுத்தைப் பழகி அறிந்தவர்கள் சாட்சி சொல்லலாம். கையெழுத்து நிபுணரிடம் அனுப்பலாம். நீதிபதியே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எல்லாம் சாட்சியச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கெல்லாம் வருடமும் பணமும் ஆகும். ஒரு வரி எழுதியிருந்தால் மிச்சமாகியிருக்கும்.

பெயரை மறைத்தால் குறையும் ஆண்டுகள்

இதைப் பல எழுத்தாளர்கள் கேள்விப்பட்டதே இல்லை. சாதாரணமாகப் பதிப்புரிமை எழுத்தாளர் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்த மறுவருடத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டும் இருக்கும். புனைபெயரில் வந்து, எழுதியவர் யாரென்றே வெளிப்படாத நூலுக்கு, 23ஆம் பிரிவின்படி, முதல் பதிப்பு வந்த மறுவருடத்திலிருந்து 60 ஆண்டுதான். கணக்கைப் பாருங்கள். 1985இல் வெளிவந்த நாவல், எழுதியவர் 2015இல் காலமானார் என்று வைத்துக்கொள்வோம். ஆள் யாரென்று வெளிப்பட்டிருந்தால் 2075 முடியும்வரை உரிமை குடும்பத்துக்கு. வெளிப்படாவிட்டால் 2045 முடிவோடு சரி. முப்பது வருட ராயல்டி.

அந்த 60 ஆண்டு முடிவதற்குள் எப்போது வெளிப்படுத்தினாலும் முழுக் காலமும் கிடைக்கும் என்பது ஆறுதல். ஆசிரியர், பதிப்பாளர் இருவருமே வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. எளிய வழி, புத்தகத்தின் பதிப்பு விவரப் பக்கத்தில் பதிப்புரிமைக் குறிக்குப் பக்கத்தில் இயற்பெயரை அச்சிடுவது. அட்டையில் புனைபெயரே இருக்கட்டும். இப்போது முடியாது, ஆனால் நான் போன பிறகு பரவாயில்லை என்கிறவர்கள், மறைவுக்குப் பின் வரும் முதல் பதிப்பில் பெயரை வெளியிடப் பதிப்பாளர் கடமைப்பட்டவர் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை வையுங்கள். பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. செய்தால் அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மறைந்திருக்க நினைப்பவர்கள் இதை யோசித்துச் செய்யுங்கள்.

பணம் வரும்போது

வங்கிக்குப் புனைபெயர் தெரியாது. காசோலை புனைபெயருக்கு எழுதப்பட்டால் உங்கள் கணக்கில் போட முடியாமல் திரும்பும். பத்திரிகைக்குக் கதை அனுப்பும்போதே, "சன்மானத்தை இன்ன இயற்பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்பவும், வெளியிடும்போது இன்ன புனைபெயர்" என்று கடைசியில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். அந்தக் கடிதத்தின் நகலும் நாளைக்கு அத்தாட்சிதான். ராயல்டி ஆண்டு வரம்பைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். பான் கொடுத்தாலே இயற்பெயர் கணக்குப் பிரிவுக்குத் தெரிந்துவிடும், அதைத் தவிர்க்க வழியில்லை.

நீங்கள் காசோலை எழுதும்போது வங்கியில் கொடுத்த மாதிரிக் கையெழுத்தையே போடுங்கள். வாசகருக்குப் போட்டுப் பழகிய கையில் புனைபெயர் வந்துவிட்டால் காசோலை திரும்பும். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பினாலும் செக் மோசடி வழக்கு வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் லக்ஷ்மி டைகெம் வழக்கில் சொல்லிவிட்டது.

எங்கே கூடவே கூடாது

சார்பதிவாளர் அலுவலகத்தில் புனைபெயருக்கு வேலையே இல்லை. சொத்துப் பத்திரத்தில் புகைப்படமும் விரல் ரேகையும் எடுக்கிறார்கள், அடையாள அட்டையைப் பார்க்கிறார்கள். பதிவின்போது ஆள்மாறாட்டம் செய்தால் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 82ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. கற்பனைப் பெயரில் நிலம் வாங்குவது பினாமிப் பரிவர்த்தனையாகவே கருதப்படும். சொத்தும் போகும், குறைந்தது ஓராண்டு கடுங்காவலும் உண்டு. நாவல் ராயல்டியில் வாங்கிய இடம்தானே, எழுத்தாளர் பெயரிலேயே இருக்கட்டுமே என்று ஆசையாகக் கேட்டவர் உண்டு. வீட்டு வாசலில் அந்தப் பெயரைப் பொறித்துக்கொள்ளுங்கள், பத்திரத்தில் வேண்டாம். நீதிமன்றப் பிரமாணப் பத்திரம், சிம் கார்டு விண்ணப்பம், வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் மட்டும், வேறு பெயர்களால் அறியப்படுகிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அங்கே புனைபெயரைத் தயங்காமல் எழுதலாம்.

அரசு ஊழியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964, 9ஆம் விதி, அரசை விமர்சிக்கும் எழுத்தைச் சொந்தப் பெயர், பெயரில்லாமல், புனைபெயர், பிறர் பெயர் என்று நான்கையும் சேர்த்தே தடுக்கிறது. புனைபெயர் கவசம் ஆகாது. இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த எழுத்துக்கு விதிகளில் இடம் இருக்கிறது. கட்டுரை எழுதுவதற்கு முன் உங்கள் துறை விதியை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.

ஊழலைப் பற்றிப் புகார் எழுதுகிறவர்களும் புனைபெயரை நாடுவார்கள். பயம் நியாயமானது. ஆனால் புனைபெயர் மனுக்களை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் எடுத்துக்கொள்வதில்லை. மத்திய அரசுத் துறைகளைப் பற்றிய புகார் என்றால், 2004இல் வந்த அரசுத் தீர்மானத்தின்படி, மூடிய உறைக்குள் உண்மைப் பெயரோடு அந்த ஆணையத்துக்கு அனுப்பலாம். பெயரை ரகசியமாக வைப்பது அவர்கள் பொறுப்பு.

பெயர் வெளியே வரவே கூடாது என்றால்

பதிப்பாளருக்கு உங்கள் பெயர் தெரியும், வாசகருக்குத் தெரியாது என்பது எளிது. ஒப்பந்தம் பதிவு செய்ய வேண்டிய ஆவணம் அல்ல, இரு தரப்பிடமும் மட்டுமே இருக்கும். "ஆசிரியரின் இயற்பெயர், முகவரி, புகைப்படம் எதையும் எழுத்துமூல அனுமதியின்றி வெளியிடக் கூடாது, மீறினால் இழப்பீடு" என்று ஒரு ஷரத்துப் போடுங்கள். பதிப்பக ஊழியர், அச்சகம், விருதுக் குழு எல்லோருக்கும் அது பொருந்தும் என்றும் எழுதுங்கள். விருதுக்கு நூலை அனுப்பும் படிவத்தில்தான் பெயர்கள் அதிகம் கசிகின்றன.

பதிப்பாளருக்கே தெரியக் கூடாது என்றால், நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுங்கள். உரிமை மாற்றத்தில் முறையாக அதிகாரம் பெற்ற முகவர் கையெழுத்திடலாம் என்று சட்டமே சொல்கிறது. அவர் தன் சொந்தப் பெயரில், "இன்ன புனைபெயரில் எழுதுபவருக்காக" என்று போட வேண்டும். உங்கள் புனைபெயரை அவர் கைப்பட எழுதக் கூடாது. பணமும் அவர் கணக்குக்குத்தான் வரும். ஆகவே உங்களுக்கும் அவருக்கும் இடையில் தனி ஒப்பந்தம் இருந்தே தீர வேண்டும், அண்ணன் தம்பியாக இருந்தாலும்.

இன்றைக்கே செய்யக்கூடியது

முத்திரைத்தாளில் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு வையுங்கள். அதில் இயற்பெயர், ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து. புனைபெயர், புத்தக அட்டையில் உள்ளபடி. எந்த ஆண்டிலிருந்து அந்தப் பெயரில் எழுதுகிறீர்கள், என்னென்ன நூல்கள், எந்தப் பதிப்பகம். "மேற்படி இரண்டு பெயர்களும் என் ஒருத்தியையே குறிக்கும்" என்ற வரி. அதன் கீழே இயற்பெயர்க் கையெழுத்து மூன்று முறை, புனைபெயர்க் கையெழுத்து மூன்று முறை. கையெழுத்து ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும், பின்னால் ஒப்பிடுகிறவருக்கு அந்த மாற்றமும் தெரிய வேண்டும். ஒரு புத்தகத்தின் பதிப்பு விவரப் பக்க நகல், பணம் வந்த வங்கிக் கணக்குப் பக்க நகல், பத்திரிகை ஆசிரியர் எழுதிய கடிதம் ஆகியவற்றை இணைத்துத் தைத்துவிடுங்கள். இரண்டு அசல் எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான கையில்.

புனைபெயரே முழுப்பெயராக ஆகிவிட்டது, இனி எல்லாவற்றிலும் அதுவே இருக்கட்டும் என்கிறவர்கள் அரசிதழில் பெயர் மாற்றிக்கொள்ளலாம். சென்னை அண்ணா சாலையில் உள்ள எழுதுபொருள் அச்சுத்துறையில் விண்ணப்பம். அரசிதழ் வந்ததும் ஆதார், பான், வங்கி என்று வரிசையாக மாற்றுங்கள். பழைய பெயரில் உள்ள சொத்து ஆவணங்களோடு அரசிதழ் நகலைச் சேர்த்தே வைத்திருங்கள்.

கடைசியாக உயில். 1960இல் இங்கிலாந்தில் "உங்கள் அன்பு அம்மா" என்று மட்டும் முடித்த கடிதத்தை உயிலாக நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகப் புனைபெயரில் கையெழுத்திட்ட உயிலும் பிழைக்கலாம். ஆனால் பிழைக்கவைக்க வழக்கு நடத்தப்போவது உங்கள் பிள்ளைகள். இயற்பெயரில், வங்கிக் கையெழுத்தையே போடுங்கள். இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இரண்டு சாட்சிகள் கட்டாயம், பயன்பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். சொத்து விவரத்தில் வீடு, நகை, வங்கிக் கணக்கோடு நிறுத்தாமல், "‘………’ என்ற புனைபெயரில் நான் எழுதியவை, இனி எழுதப்போகிறவை அனைத்தின் பதிப்புரிமையும்" என்று ஒரு பத்தி தனியாக எழுதி, அது யாருக்கு என்றும் எழுதுங்கள். படைப்புகள் பிற்காலத்தில் நாட்டுடைமையானால் தமிழ் வளர்ச்சித் துறை பரிவுத்தொகையை மரபுரிமையருக்குத்தான் கொடுக்கும். மரபுரிமையர் யார் என்று காட்ட அன்றைக்கு அவர்கள் கையில் இருக்கப்போவது இந்தப் பத்தியும் அந்தப் பிரமாணப் பத்திரமும்தான்.